பெக் 6000 கொண்டு விதைகளில் வறட்சியைச் சோதிப்பது எப்படி: கரைசல் முதல் மீட்புச் சோதனை வரை

வறட்சியைத் தாங்கும் ரகம் எது என்று பார்க்க மண்ணைக் காயவிடுவது இயல்பான வழிதான். ஆனால் தொட்டியின் மேல்மண் ஒரு ஈரத்தில் இருக்கும், அடிமண் வேறொரு ஈரத்தில் இருக்கும். இன்றைய ஈரம் நாளை இராது. முளைப்புக் கட்டத்தை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால், எல்லா விதைக்கும் ஒரே அளவு நீர்த்தட்டுப்பாட்டைக் கொடுத்து அதைச் சில நாட்கள் மாறாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக், பயன்படுகிறது.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விதையில் அல்ல, கரைசலில். அதனால் இந்த வழிகாட்டியில் கரைசலுக்குத்தான் அதிக இடம். நெல், உளுந்து, பாசிப்பயறு, சோளம் என எந்தப் பயிருக்கும் வரிசை இதுதான்.

1. இந்தப் பாலிமர் நீரை என்ன செய்கிறது

பெக் என்பது இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி. பெக் 6000இன் (எண் சராசரி மூலக்கூறு எடையைக் குறிக்கும்) ஒரு மூலக்கூறில் இப்படி ஏறக்குறைய 136 அலகுகள் இருக்கும். ஒவ்வொரு ஆக்சிஜனும் நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. கரைசலில் நீர் இருக்கும், ஆனால் விதை எளிதில் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்காது. காய்ந்த மண்ணிலும் விதையின் நிலை இதுதான்.

உப்பையோ மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளையோ ஏன் போடக்கூடாது என்று கேட்பார்கள். உப்பின் அயனிகள் செல்லுக்குள் போய் நஞ்சாகும். அப்போது நீங்கள் சோதிப்பது வறட்சியை மட்டுமல்ல, உப்புத் தாங்கும் திறனையும் சேர்த்து. மானிட்டாலும் மெல்ல உள்ளே நுழையும், பூஞ்சைக்கும் உணவாகும். பெக் 6000 அப்படி நுழையாது. செல்சுவரின் துளைகள் சில நானோமீட்டர் அகலமே உள்ளவை. இந்தச் சங்கிலி சுருண்டு கிடக்கும் பந்து அவற்றுள் எளிதில் புகாது.

இதனால் ஒரு முக்கியமான வேறுபாடு வருகிறது. உப்புக் கரைசலில் செல்சுவர் அப்படியே நிற்க, உள்ளே சவ்வு மட்டும் சுருங்கிப் பிரியும். பெக் கரைசலில் சுவரும் சேர்ந்து உள்ளே ஒடுங்கும். காய்ந்த மண்ணில் செல்லுக்கு நேர்வதும் இந்த ஒடுக்கம்தான். அதனால்தான் மண் வறட்சிக்கு மாற்றாக இதை ஏற்கிறோம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெக் 6000 அல்லது 8000 வாங்குங்கள். 200, 400, 600 போன்ற சிறிய வகைகள் வேண்டாம். அவை செல்லுக்குள் போய்விடும், நஞ்சாகவும் செயல்படும். விலை குறைவு, சீக்கிரம் கரைகிறது என்று யாராவது 400ஐக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

டப்பாவின் நிலையையும் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பல ஆண்டு கிடந்த பெக்கில் சங்கிலிகள் உடைந்து பெராக்சைடும் அமிலமும் சேரும். அப்போது முளைப்பு குறைந்தால் அது வறட்சியாலா, அழுக்காலா என்று பிரிக்க முடியாது. இறுக்கமாக மூடி, இருட்டில் வைத்த புதிய டப்பாவே நல்லது.

மற்றவை: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, காந்தக் கலக்கி, காய்ச்சி வடித்த நீர், 90 மி.மீ. பெட்ரி தட்டுகள், வடிதாள், பாராஃபிலிம் (தட்டை மூடிச் சுற்றும் மெழுகுப் படலம்), சோடியம் ஹைப்போகுளோரைட், இடுக்கி, முளைப்புப் பெட்டி. முளைப்புப் பெட்டிக்குள் தனியாக ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும். பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வேறுபாடு இருப்பது சாதாரணம்.

3. வெப்பநிலையை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் கரைசலைத் தயாரித்துவிட்டு, அப்புறம் பெட்டியில் எந்த வெப்பநிலை வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. பெக்கின் வலிமை வெப்பநிலையைப் பொறுத்தது. சூடு ஏற ஏற நீருக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. கரைசலின் இழுவை குறைகிறது.

ஒரு கிலோ நீருக்கு 200 கிராம் பெக் கலந்த கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் எவ்வளவு எளிதில் கிடைக்கும் என்பதைக் காட்டும் அளவுதான் நீரியல் திறன்; அதை மெகாபாஸ்கல் என்ற அழுத்த அலகில் சொல்வார்கள். தூய நீருக்கு அது பூஜ்யம், அதற்குக் கீழே போகப் போக வறட்சி கடுமையாகும். 20 டிகிரியில் இந்தக் கரைசலின் நீரியல் திறன் ஏறக்குறைய −0.53 மெகாபாஸ்கல். 25 டிகிரியில் −0.49. 30 டிகிரியில் −0.45. 35 டிகிரியில் −0.40. ஒரே பாட்டில், ஒரே கரைசல்தான். குளிரூட்டிய அறையில் செய்தவரும் சாதாரண அறையில் செய்தவரும் "20 சதவீதம்" என்றே எழுதுவார்கள். ஆனால் விதைகள் கண்ட வறட்சி வேறு வேறு.

உளுந்து, நெல் இரண்டுக்கும் 25 டிகிரி மாறாமல் வைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

4. சதவீதத்தை விட்டுவிட்டு நீரியல் திறனில் கணக்கிடுங்கள்

இதுதான் வழிகாட்டியின் நடுமையம். நீங்கள் விதைக்குக் கொடுக்கும் சிகிச்சை சதவீதம் அல்ல, நீரியல் திறன். சதவீதம் என்பது அதை அடைய நீங்கள் போடும் எடை மட்டுமே.

மைக்கேல், காஃப்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973இல் தந்த சமன்பாட்டைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். "செ" என்பது ஒரு கிலோ நீருக்கு எத்தனை கிராம் பெக் என்பது. "வெ" என்பது டிகிரி செல்சியஸில் வெப்பநிலை.

நீரியல் திறன் (பார்) = −(0.0118 × செ) − (0.000118 × செ²) + (0.000267 × செ × வெ) + (0.000000839 × செ² × வெ)

விடை பார் என்ற அழுத்த அலகில் வரும். மெகாபாஸ்கலாக்க 10ஆல் வகுக்க வேண்டும். இந்த வகுத்தலை மறந்து "−4.9 மெகாபாஸ்கலில் முளைத்தது" என்று எழுதிய அறிக்கைகள் என் கைக்கு வந்திருக்கின்றன. பயிர்கள் நிரந்தரமாக வாடும் எல்லையாகக் கொள்ளப்படுவதே −1.5 மெகாபாஸ்கல். அந்த எண்ணை மனதில் வைத்திருந்தால் இந்தப் பிழை உடனே கண்ணில் படும்.

ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டாம். ஒரு கிலோ நீருக்கு வேண்டிய பெக், கிராமில்:

−0.2 மெகாபாஸ்கல்: 25 டிகிரிக்கு 120, 30 டிகிரிக்கு 128
−0.4 மெகாபாஸ்கல்: 25 டிகிரிக்கு 178, 30 டிகிரிக்கு 188
−0.6 மெகாபாஸ்கல்: 25 டிகிரிக்கு 224, 30 டிகிரிக்கு 235
−0.8 மெகாபாஸ்கல்: 25 டிகிரிக்கு 262, 30 டிகிரிக்கு 274
−1.0 மெகாபாஸ்கல்: 25 டிகிரிக்கு 296, 30 டிகிரிக்கு 308

இந்த எண்களை ஊன்றிப் பாருங்கள். −0.2இலிருந்து −0.4 ஆக்க, பெக்கை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. 120 கிராம் 178 ஆனால் போதும். உறவு நேர்கோடு அல்ல, வளைகோடு. 25 டிகிரியில் 100 கிராம் −0.15 தரும், 200 கிராம் −0.49 தரும். எடை இரண்டு மடங்கு, விளைவு மூன்று மடங்குக்கும் மேல்.

ஆகவே வலுவான கரைசல் ஒன்றைச் செய்துகொண்டு, அதைப் பாதியாக நீர்த்தால் வறட்சியும் பாதியாகும் என்று நினைத்தால் தவறு. ஒவ்வொரு அளவுக்கும் தனியாக எடை போட்டுக் கரையுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் சந்தேகம் இருக்காது.

பள்ளியில் படித்த வான்ட் ஹாஃப் சமன்பாடும் இங்கே கை கொடுக்காது. 200 கிராமுக்கு அது தருவது −0.08 மெகாபாஸ்கல் அளவுதான். உண்மை அதைப்போல ஆறு மடங்கு. சங்கிலிகள் நெருங்க நெருங்க, கரைசலில் கட்டுப்படாத நீர் வேகமாகக் குறைகிறது. மூலக்கூறுகளை எண்ணி மட்டும் கணக்கிடும் சமன்பாட்டில் அதற்கு இடமில்லை.

பெக் 8000 வைத்திருந்தால் மைக்கேல் 1983இல் அதற்குத் தனியாகத் தந்த சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராமுக்கு 25 டிகிரியில் அது −0.51 தருகிறது, வித்தியாசம் சிறிது. இருந்தாலும் எந்த வகை, எந்தச் சமன்பாடு என்பதை அறிக்கையில் எழுதுவது நல்லது.

ஆவியழுத்த ஆஸ்மோமீட்டர் (ஆவியழுத்தத்தை வைத்துக் கரைசலின் திறனை அளக்கும் கருவி) உங்கள் துறையில் இருந்தால் ஒவ்வொரு கரைசலையும் அளந்து பாருங்கள். உறைநிலை பார்க்கும் கருவி வேண்டாம். பெக்கின் திறன் வெப்பநிலையோடு இவ்வளவு மாறும்போது, உறையும் குளிரில் கிடைத்த எண் 25 டிகிரிக்குப் பொருந்தாது.

5. நீரையும் எடை போட்டுக் கரைசல் செய்யுங்கள்

அதிகம் நடக்கும் பிழை இதுதான். 200 கிராம் பெக்கைக் குடுவையில் போட்டு, ஒரு லிட்டர் கோடு வரை நீர் ஊற்றுகிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் கை பழகிய முறை அது. ஆனால் அந்த 200 கிராம் பெக்கே ஏறக்குறைய 168 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீதி நீர் 832 கிராம்தான். அப்போது ஒரு கிலோ நீருக்கு 240 கிராம் என்றாகிவிடுகிறது. −0.49 என்று நீங்கள் நம்பும் கரைசல் உண்மையில் −0.68இல் இருக்கும்.

சரியான முறை: காலி பீக்கரைத் தராசில் வைத்து, 200 கிராம் நீரை எடையாக ஊற்றுங்கள். −0.4க்கு 25 டிகிரியில் 35.6 கிராம் பெக்கைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடு வரை நிரப்பும் வேலையே இல்லை. கிடைப்பது 230 மி.லி. அளவு, நான்கு தட்டுகளுக்கு, இரண்டு மூன்று முறை மாற்றப் போதும்.

நீரைக் கலக்கிக்கொண்டே பெக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டியாக ஒட்டி, காந்தத்துண்டு நின்றுவிடும். கரையத் தாமதமானால் 40 டிகிரி வரை சூடாக்கலாம். சூடாக்கும் முன்னும் பின்னும் பீக்கரோடு எடை பாருங்கள். குறைந்த எடை முழுக்க ஆவியான நீர், அதைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வைப்பதைத் தவிருங்கள். நீர் இழப்பு ஒரு பக்கம், சூட்டில் சங்கிலி உடைந்து அமிலமாவது இன்னொரு பக்கம். வடிதாள் சோதனைக்கு நீரை மட்டும் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் புதிதாகக் கரைத்தால் போதும். இரவு முழுக்க மூடி வைத்துவிட்டு, காலையில் முளைப்புப் பெட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள்.

6. விதையைத் தயார் செய்தல்

ஒரே பருவத்தில் அறுவடையான, ஒரே மாதிரி சேமித்த விதைகளை எடுங்கள். ஒரு ரகம் புதியது, மற்றது பழையது என்றால் நீங்கள் ஒப்பிடுவது வயதைத்தான்.

உடைந்த, தோல் கீறிய விதைகளை ஒதுக்குங்கள். அழகுக்காக அல்ல. பெக் உள்ளே புகாது என்ற அடிப்படையில்தான் முழுச் சோதனையும் நிற்கிறது. காயம் இருந்தால் அந்த வழியே அது புகுந்துவிடும். பயறு விதைகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

ஒரு சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஐந்து நிமிடம் வைத்து, பல முறை அலசுங்கள். அலசிய விதையை நீரிலேயே விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகக்கூடாது. விதை நீரை மிக வேகமாகக் குடிப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அரை மணி நேரம் நல்ல நீரில் ஊறிய தட்டும் உடனே வைத்த தட்டும் ஒன்றல்ல. அலசியதும் வடிதாளில் ஒற்றி, எல்லா ரகத்துக்கும் ஒரே நேர அளவில் தட்டில் வையுங்கள்.

7. தட்டில் வைத்தல்

தட்டுக்கு இரண்டு வடிதாள், 10 மி.லி. கரைசல், 25 விதை. ஒவ்வொரு அளவுக்கும் நான்கு தட்டு. கூடவே வெறும் நீர் விட்ட நான்கு தட்டு.

வடிதாளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாளின் நார்கள் நீரை உறிஞ்சி, பெக்கை வெளியே தள்ளும். அதனால் தாளுக்கு வெளியே நிற்கும் கரைசல் நீங்கள் செய்ததைவிடச் செறிவாகிவிடும். தாள் தடிமனாகவும் கரைசல் குறைவாகவும் இருந்தால் இந்த விலகல் பெரிதாகும். 3 மி.லி. ஊற்றி "தாள் நனைந்துவிட்டது" என்று நிறுத்துவதில் உள்ள ஆபத்து இதுதான்.

அதேநேரம் விதையைக் கரைசலில் முழுக்க மூழ்கவும் விடாதீர்கள். பெக் கரைசல் பிசுபிசுப்பானது, அதில் ஆக்சிஜன் மெதுவாகவே நகரும். மூழ்கிய விதை வறட்சியோடு மூச்சுத்திணறலையும் சேர்த்துச் சந்திக்கும். விதையின் மேல்பாதி காற்றில் தெரிய வேண்டும். உளுந்து போன்ற பெரிய விதைக்குத் தட்டைவிடத் தாள் சுருள் (விதைகளை ஈரத்தாளில் வைத்துச் சுருட்டுவது) வசதி.

மூடியைச் சுற்றி ஒரே சுற்று பாராஃபிலிம் போடுங்கள். தட்டுகளைப் பெட்டிக்குள் அளவு வாரியாக அடுக்காமல் கலந்து வையுங்கள். எல்லா −0.6 தட்டுகளும் மேல்தட்டில் இருந்தால், அங்குள்ள ஒரு டிகிரி சூடு உங்கள் முடிவோடு கலந்துவிடும்.

8. நாள்தோறும் பார்க்க வேண்டியது

முதல் நாளே ஒவ்வொரு தட்டின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். −0.4 கரைசல் 10 மி.லி. உள்ள தட்டில் ஒரே ஒரு கிராம் நீர் ஆவியானால் கரைசல் −0.5க்குப் போய்விடும். எடை குறைந்தால் அந்த அளவு காய்ச்சி வடித்த நீரைச் சேருங்கள், கரைசலை அல்ல. போனது நீர்தான், பெக் அங்கேயே இருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்து, தினமும் பெக் கரைசலையே ஊற்றி வருபவர்களின் தட்டில் வறட்சி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

விதை குடிக்கும் நீர் எடையில் தெரியாது, ஏனென்றால் அது தட்டுக்குள்ளேயே இருக்கிறது. பயறு விதைகள் நல்ல நீரில் தம் எடைக்கு நெருக்கமாகக் குடிப்பவை. 25 உளுந்து ஒரு கிராம் அளவு இருக்கும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய கரைசலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள். நெல்லில் இந்தச் சிக்கல் குறைவு.

முளைவேர் 2 மி.மீ. வந்தால் முளைத்தது என்று கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். கடைசி எண்ணிக்கை உளுந்துக்கு 7ஆம் நாள், நெல்லுக்கு 14ஆம் நாள். வறட்சி முதலில் தாமதப்படுத்தும், அப்புறம்தான் தடுக்கும். கடைசி நாள் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் அந்தத் தாமதம் கணக்கில் வராது. ரகங்களுக்கு இடையிலான வேறுபாடு அந்தத் தாமதத்தில்தான் நன்றாகத் தெரியும்.

9. அளவெடுத்தல், கணக்கு

வேர் நீளமும் குருத்து நீளமும் அளக்கும்போது, மிதமான வறட்சியில் வேரைவிடக் குருத்து அதிகம் குட்டையாகியிருப்பதைக் காணலாம். எனவே இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

எடை பார்க்கும் முன் நாற்றை நீரில் சட்டென்று முக்கி எடுத்து ஒற்றுங்கள். வேரில் ஒட்டிய பெக் காய்ந்து படலமாகும். உலர் எடையில் அதுவும் சேர்ந்துவிடும். −0.8இல் உலர் எடை கூடிவிட்டது என்ற விசித்திரமான முடிவு வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஆனால் நீரில் ஊறவிடாதீர்கள், நாற்று நீரை இழுத்துக்கொள்ளும்.

ரகங்களை ஒப்பிடும்போது ஒவ்வொன்றையும் அதனுடைய நீர்த் தட்டின் விகிதமாக மாற்றுங்கள். இயல்பிலேயே குட்டையான ரகம் வறட்சியால் குட்டையானது போலத் தோன்றக்கூடாது. புள்ளியியல் கணக்கில் ஒரு தட்டுதான் ஒரு அலகு, ஒரு விதை அல்ல. 25 விதையையும் 25 மறுநிகழ்வாகப் போட்டால் எல்லா வேறுபாடும் நிச்சயமானதாகத் தெரியும்.

எந்த அளவில் ரகங்கள் பிரிகின்றன என்பது பயிருக்குப் பயிர் மாறும். இரண்டு ரகங்களை மட்டும் வைத்து, நீர் முதல் −0.8 வரை ஒரு சிறு முன்சோதனை செய்துவிடுங்கள். எல்லாம் முளைக்கும் அளவும் எதுவுமே முளைக்காத அளவும் ரகத் தேர்வுக்கு உதவாது.

10. அகாரிலும் நாற்றிலும் பயன்படுத்தும்போது

அகார் ஊடகத்தில் (ஜெல்லி போல இறுகும் வளர்ப்பு ஊடகம்) பெக்கை நேரடியாகக் கலந்தால், செறிவு கூடும்போது அகார் இறுகாது. முதலில் அகாரைத் தட்டில் இறுகவைத்து, அதன்மேல் பெக் கரைசலை ஊற்றி, ஊடுருவவிட்டுப் பின் வடித்துவிடுவதே வழக்கம். உள்ளே சென்ற அளவு ஊற்றிய அளவைவிடக் குறைவாக இருக்கும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

வளர்ந்த நாற்றுகளை பெக்கில் வைக்கும்போது வேர் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்த வேர் வழியே பெக் மேலேறி இலையைக் கருக்கும். காற்றுக்குமிழி விடுவதும் அவசியம்.

11. மீட்புச் சோதனையை விட்டுவிடாதீர்கள்

கடைசி எண்ணிக்கை முடிந்ததும் தட்டுகளைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். முளைக்காத விதைகளுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவற்றைப் பல முறை நன்றாக அலசி, புதிய தட்டில் வெறும் நீரில் வையுங்கள். பிசுபிசுப்பு விரலில் தெரியாத வரை அலச வேண்டும்.

பெரும்பாலானவை முளைத்துவிட்டால், பெக் அவற்றைக் கொல்லவில்லை, நீரை மட்டும்தான் மறுத்தது என்று உறுதியாகச் சொல்லலாம். சில தட்டுகளில் புதிய விதையைவிட வேகமாகவே முளைக்கும். முளைவேர் வெளிவராத அளவுக்கு நீர் கிடைத்த நாட்களில் விதைக்குள் முளைப்புக்கான ஆரம்ப வேலைகள் நடந்து முடிந்திருக்கும். விதை நேர்த்திக்கு (விதைக்கும் முன் விதையை ஓரளவு நீரூட்டித் தயார் செய்வது) பெக்கைப் பயன்படுத்துவது இதனால்தான்.

மிகச் சிலவே முளைத்தால், முளைக்காத விதைகளை நசுக்கி, அழுகியவையா என்று பாருங்கள், நீர்த் தட்டின் முளைப்பைப் பாருங்கள், பெக் டப்பாவின் வயதைப் பாருங்கள். அந்தத் தொகுப்பின் முடிவை வறட்சியின் கணக்கில் எழுதும் முன், புதிய டப்பாவிலிருந்து கரைசல் செய்து −0.6 அளவை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.